விரல் நுனியில் ஓர் அமானத்

 



மதீனா மாநகரில் ஒரு பொய் ஏறத்தாழ ஒரு மாத காலம் உலவியது. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில், தொலைந்துபோன கழுத்து மாலையைத் தேடிச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணக் கூட்டத்தைவிட்டுப் பின்தங்கிவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அன்னையை ஏற்றி, தாம் கடிவாளத்தைப் பிடித்து நடந்துவந்து கூட்டத்தில் சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவே. நயவஞ்சகன் அப்துல்லாஹ் இப்னு உபை இதை எடுத்தான், நாக்கில் வைத்தான், ஊரெங்கும் பரப்பினான். நோயுற்றுப் படுத்திருந்த அன்னைக்குத் தம்மைப் பற்றி ஊரே பேசுகிறது என்பது தெரியாது. தெரிந்த பிறகு அவர்களின் கண்ணீர் நிற்கவில்லை.

இச்சம்பவத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் ஓர் இடத்தில் நாம் நின்று கவனிப்பதில்லை. பொய்யை உருவாக்கியவன் நயவஞ்சகன். அதைச் சுமந்தவர்களில் உண்மையான ஈமான் கொண்டவர்களும் சிலர் இருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். அவர்கள் பொய்யைப் புனையவில்லை. பிறர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னார்கள். இன்று நாம் கைப்பேசியில் செய்யும் காரியமும் பெரும்பாலும் அதுதான்.

அந்நூர் அத்தியாயத்தின் பதினைந்தாம் வசனம் இந்தச் செயலைக் கண்டிக்கும்போது ஒரு விந்தையான சொல்லைக் கையாளுகிறது. செய்தியை மனிதன் காதால் பெறுவதுதான் இயல்பு. ஆனால் அச்செய்தியை அவர்கள் நாவுகளால் பெற்றுக்கொண்டதாக அல்லாஹ் குறிப்பிடுகிறான். காதில் விழுந்து, உள்ளத்தில் இறங்கி, அறிவு எடைபோட்டு, அதன் பின்னர் நாவுக்கு வரவேண்டிய சொல், இடையிலுள்ள நிலைகளையெல்லாம் தாண்டி ஒரு நாவிலிருந்து மறு நாவுக்கு நேராகத் தாவிவிட்டது என்பது அதன் கருத்து. அவர்கள் அதை இலேசானதாகக் கருதினார்கள். அல்லாஹ்விடமோ அது பாரதூரமானதாக இருந்தது என்றும் அதே வசனம் எச்சரிக்கிறது. நாம் இன்று நாவைக்கூட அசைப்பதில்லை. விரலால் பெறுகிறோம், விரலால் கொடுக்கிறோம். ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்’ என்று கூறிக் கையைத் துடைத்துக்கொள்கிறோம்.

கேள்விப்படுவதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஒன்று புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களுக்குக் கனவில் காட்டப்பட்ட தண்டனைகளுள் ஒன்று, கொக்கியால் ஒருவனுடைய தாடை பிடரிவரை கிழிக்கப்படுவது. யார் அவன் என்று கேட்கப்பட்டபோது, அவன் சொன்ன ஒரு பொய் அவனிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டுத் திசைகளையெல்லாம் எட்டியது என்ற விளக்கம் கொடுக்கப்பட்டது. ஒரு பொய் ஒரே நாளில் திசைகளையெல்லாம் எட்டுவது எப்படி என்று மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதிய காலத்தில் நாங்கள் வியந்ததுண்டு. இப்பொழுது வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு சாக்லேட்டும் ஓர் உயிரும்

2018 மே 9ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சென்னையிலிருந்து தம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் வழி கேட்பதற்காக நின்றார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டி, அங்கு விளையாடிய பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி ஏற்கனவே அப்பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சூழ்ந்தது. 65 வயதான அந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில், ஊர் ஊராகச் சென்று யாசித்துப் பிழைக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் இதே சந்தேகத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

அந்நாட்களில் நாடெங்கும் பரவிய காணொளிகளுள் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவதற்காக எடுக்கப்பட்ட நடிப்புப் படம் அது. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிச் செல்வார்கள்; சற்று நேரத்தில் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு ஓர் அறிவிப்பு அட்டையைக் காட்டுவார்கள். அந்த இறுதிப் பகுதியை யாரோ ஒருவன் வெட்டிவிட்டான். பிள்ளைகளைக் காப்பதற்காக எடுத்த படம், மனிதர்களைக் கொல்லும் ஆயுதமாயிற்று. வெட்டியவன் ஒருவன்தான். பரப்பியவர்களோ குடும்பப் பாங்கான மனிதர்கள். தம் பிள்ளைகள் மீதுள்ள பாசத்தால் அனுப்பியவர்கள். பாசம் இருந்தது, தெளிவு இல்லை.

இதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம் ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது. 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு விதித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கிற்று. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். யார் எழுதியது என்று அனுப்பியவருக்கும் தெரியாது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் நம்மவர்களில் சிலர் அந்த வரம்பையும் வென்றுவிடுகிறார்கள். செய்தியை நகலெடுத்து ஒவ்வொரு குழுவிலும் ஒட்டுகிறார்கள். இவ்வளவு சுறுசுறுப்பை ஃபஜ்ருத் தொழுகைக்குக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம்மைக் காயப்படுத்திய ஆயுதம்

வதந்தியின் வலியை நம் சமுதாயத்திற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸ் செய்தி வெளியானபோது, கொரோனாவை முஸ்லிம்கள் வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்ற காணொளிகள் நாடெங்கும் பறந்தன. அவற்றுள் ஒன்றில் சிலர் தட்டுகளையும் கரண்டிகளையும் நாவால் வழித்துக்கொண்டிருந்தார்கள். உணவில் ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது என்பதற்காக தாவூதி போஹ்ரா சமூகத்தார் செய்த செயல் அது. கொரோனா வருவதற்கு முன்பே எடுக்கப்பட்ட பழைய காணொளி. ஆனால் அந்த நாட்களில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் ஏழை முஸ்லிமின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பியவர்கள் அதை நம்பினார்கள். 2020 ஆகஸ்டு 21ஆம் நாள் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. தீர்ப்பு வந்தது. காணொளியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் பகிர்ந்தார்கள்?

இந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்கும் நாம், நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடைபெற்றபோது, அந்த ஊசி பிள்ளைகளுக்கு ஆபத்து விளைவிக்கும் என்ற வாட்ஸ்அப் வதந்தியைப் பரப்பியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். பெற்றோர்கள் அஞ்சியதால் முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. வேறொரு நாட்டில் நடந்த கலவரக் காட்சியை நேற்று நம் ஊருக்கு அருகே நடந்ததாகச் சொல்லி, கண்ணீர்த் துளிப் படங்களுடன் அனுப்புகிறவர் யார்? அநீதிக்கு உள்ளான சமுதாயம் பொய்யைக் கொண்டு நீதி கேட்க முடியாது. ஒரு பொய்க் காணொளி அம்பலமானால், அதன் பின்னர் நூறு உண்மைச் சம்பவங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். உண்மையிலேயே பாதிக்கப்பட்டவனுக்குத்தான் அதனால் இழப்பு.

பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்தால் அதை உடனே பரப்பிவிடுவோரை அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் கண்டிக்கிறது. அதைத் தூதரிடமும் பொறுப்பிலுள்ளவர்களிடமும் கொண்டுசென்றிருந்தால், ஆய்ந்தறியும் ஆற்றல் உள்ளவர்கள் அதன் உண்மையை அறிந்திருப்பார்கள் என்றும் வழிகாட்டுகிறது. ஊரில் பதற்றம் உண்டாக்கும் ஒரு செய்தி உங்கள் கைக்கு வருமானால் அதைக் குழுவில் போடாதீர்கள். ஜமாஅத் நிர்வாகியிடம் காட்டுங்கள். தேவையானால் அவர் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கட்டும்.

சாட்சி எங்கே?

செய்தியைச் சரிபார்ப்பது நமக்குப் புதிய வேலையன்று. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஒருமுறை கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டுப் பதில் வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர் என்று உமர் (ரலி) கேட்டபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதைச் சொன்னார்கள். அதற்குச் சாட்சி கொண்டுவாரும் என்றார்கள் உமர் (ரலி). சொன்னவர் யார்? நபித்தோழர், குர்ஆனை இனிய குரலில் ஓதியவர், நம்பகமானவர். அவரிடமே சாட்சி கேட்கப்பட்டது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்ன பின்னரே அச்செய்தி உறுதியாயிற்று. ‘என் மச்சான் அனுப்பினார், அவர் பொய் சொல்லமாட்டார்’ என்று வாதிடும் அன்பர்கள் இச்சம்பவத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். மச்சான் பொய் சொல்லாதவராகவே இருக்கலாம். அவருக்கு அனுப்பியவர் யார்?

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்டு உறுதிப்படுத்துவதற்காக, ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். நமக்கு ஒட்டகம் வேண்டாம், ஒரு மாதமும் வேண்டாம். படத்தின் மீது விரலை வைத்து, அது முதலில் எங்கு வெளியானது என்று கூகுளில் தேடுவதற்குச் சில நிமிடங்கள் போதும். செய்தியில் தேதி உண்டா, ஊர் உண்டா, நாளிதழ்களில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆணை என்று வந்தால் மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகமோ மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமோ அதுபற்றி ஏதேனும் கூறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தேட நேரமில்லையென்றால் அனுப்பவும் நேரமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கத்தின் பெயரால் வருபவற்றில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மதீனாவின் புனித ரவ்ளாவின் காப்பாளர் ஷைகு அஹ்மத் என்பவர் கனவு கண்டதாகவும், இதை இத்தனை பேருக்கு நகலெடுத்து அனுப்பாவிட்டால் நஷ்டம் வரும் என்றும் ஒரு கடிதம் நம் பாட்டனார் காலத்திலிருந்து சுற்றிவருகிறது. முன்பு அஞ்சலட்டையில் வந்தது. பிறகு ஜெராக்ஸில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. சவூதியின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு இப்னு பாஸ் அவர்கள் இதற்கு மறுப்பே எழுதினார்கள். கடிதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாகச் சொல்வது நரகில் இடம் பிடிக்கும் செயல் என்பதை அறிந்த நாம், அறிவிப்பாளர் பெயரோ நூலோ இல்லாத ‘ஹதீஸ்’ எதையும் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

ஒரே பொந்தில் இரண்டு முறை

இனி பணத்தைப் பற்றி. எங்கள் மஹல்லாவில் முன் ஸஃப்பில் தவறாமல் நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பியவர். ஒருநாள் லுஹருக்கு வரவில்லை, அஸருக்கும் வரவில்லை. மோதினார் வீட்டுக்கே சென்று கதவைத் தட்டியிருக்கிறார். “மாமா, ரெண்டு வக்தும் வரலையே, உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டவரை, உதட்டில் விரல் வைத்துப் பேசாதே என்று நடுக்கத்துடன் சைகை காட்டினார் பெரியவர். உள்ளே மேசைமேல் கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் திரையில் காவல் சீருடையில் ஒருவன். காலை பத்து மணியிலிருந்து அந்தக் கேமராவின் முன்னால்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆதார் எண்ணைக் கொண்டு சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் நடந்திருக்கிறது, நீங்கள் ‘டிஜிட்டல் கைதில்’ இருக்கிறீர்கள், மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று மிரட்டியிருக்கிறார்கள். தொழுகைக்கு எழ அனுமதி கேட்டிருக்கிறார், மறுத்திருக்கிறார்கள். கணக்கைச் ‘சரிபார்க்க’ என்று 1,50,000 ரூபாய் அனுப்பவும் வைத்துவிட்டார்கள். மோதினார் அதிகம் படித்தவரல்லர். கைப்பேசியை எடுத்து அணைத்தார். பக்கத்து வீட்டு இளைஞரை அழைத்தார். அன்றே 1930 என்ற எண்ணில் புகார் பதிவாயிற்று. பணத்தில் ஒரு பகுதி வழியிலேயே முடக்கப்பட்டது.

வாசகர்களே! இந்திய நாட்டின் எந்தச் சட்டத்திலும் டிஜிட்டல் கைது என்ற ஒன்று கிடையாது. எந்தக் காவல்துறையும், சிபிஐயும், சுங்கத்துறையும், ரிசர்வ் வங்கியும் காணொளி அழைப்பில் விசாரித்துப் பணம் அனுப்பச் சொல்வதில்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் பிரதமரே தம் வானொலி உரையில் இந்த மோசடியைப் பற்றி எச்சரித்தார். 2025 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இத்தகைய வழக்குகளை சிபிஐ விசாரிக்கும்படி உத்தரவிட்டது. ஆயினும் இந்த வலை வேலை செய்வதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. அவன் பிடிப்பது நம் அச்சத்தை. நிரபராதியாக இருந்தும் ‘வழக்கு’ என்ற ஒரு சொல்லுக்கு நடுங்கும் நிலையில் நம் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். மானம் போய்விடுமே என்று எவரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். அந்தத் தனிமைதான் மோசடிக்காரனின் மூலதனம். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் அந்தக் கணமே யாரிடமாவது சொல்லுங்கள். மகனிடம், அண்டை வீட்டாரிடம், பள்ளிவாசலில். பிள்ளைகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏமாந்த தகப்பனாரை ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஏசினால், அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

இறைநம்பிக்கையாளர் ஒரே பொந்தில் இரண்டு முறை தீண்டப்படமாட்டார் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியின் கருத்து. ஊரில் ஒருவர் தீண்டப்பட்டால் ஊரே அந்தப் பொந்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று இதை நாம் விரித்துப் பார்க்கலாம். பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண்ணை அழுத்தவேண்டியதில்லை. ரகசிய எண் போகும் பணத்துக்கு மட்டுமே. கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை வங்கி ஊழியர் ஒருபோதும் கேட்பதில்லை. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால், நெருங்கிய உறவினரின் எண்ணிலிருந்தே வந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய கைப்பேசி திருடர்களின் கையில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்ற வசதி உண்டு. ஆறிலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகப் பணம் வேண்டும் என்று நண்பரின் பெயரில் செய்தி வந்தால் அவருக்குத் தெரிந்த எண்ணில் பேசிய பிறகு அனுப்புங்கள். குரலையும் முகத்தையும் போலியாகச் செய்யும் நுட்பம் வந்துவிட்ட காலம் இது. ஐயமிருந்தால் குடும்பத்தாருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் நாளை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பணம் கணக்கு கணக்காகத் தாவுவதற்குள் 1930ஐ அழைக்க வேண்டும். மத்திய உள்துறையின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம். நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள். கட்டாத ஒட்டகத்துக்குத் தவக்குல் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இதில் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. திருடப்பட்ட பணம் எங்கே போகிறது? ‘உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்’ என்று கேட்பவனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட ஓர் ஏழை இளைஞனின் பெயருக்குத்தான் போகிறது. சூத்திரதாரி எங்கோ இருப்பான். வெளிமாநிலக் காவலர்கள் இவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ‘நான் யாரையும் ஏமாற்றவில்லையே’ என்ற வாதம் சட்டத்திலும் எடுபடாது, ஷரீஅத்திலும் எடுபடாது. பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்திலுள்ள தெளிவான தடை. அந்தக் கமிஷன் ஹராம். வெளிநாட்டில் கணினி வேலை என்று நம்பிச் சென்று மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழக இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டுத் திரும்பினார்கள். முகவரின் உரிமத்தைச் சரிபார்க்காமல் எந்தப் பிள்ளையையும் விமானம் ஏற்றாதீர்கள்.

திறந்த சாளரம்

நபி (ஸல்) அவர்களின் வீட்டுத் துவாரத்தின் வழியே ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அண்ணலார் கையில் தலை கோதும் கருவி ஒன்று இருந்தது. நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதைக் கொண்டு உம் கண்ணில் குத்தியிருப்பேன் என்ற அளவுக்குக் கடிந்துகொண்ட அண்ணலார், அனுமதி கேட்கும் சட்டம் வந்ததே பார்வையின் காரணத்தால்தான் என்று விளக்கினார்கள். அப்படியானால் மனைவியின் புகைப்படத்தையும், நண்பர் வீட்டு விருந்தில் எடுத்த படத்தையும், மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் நோயாளியின் படத்தையும், ஏன், மையித்தின் முகத்தையும்கூட, உரியவரின் அனுமதியின்றி உலகுக்குத் திறந்துவிடுகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? சபைகளில் பேசப்படுவது அமானத் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாலே அது அமானத்தாகிவிடும் என்றும் ஒரு ஹதீஸ் உண்டு. தனிப்பட்ட உரையாடலைத் திரைப்படியாக எடுத்து மூன்றாம் நபருக்கு அனுப்புகிறவர், அவர் திரும்பிப் பார்த்ததை அறியாதவரா?

இங்கே நம் பெண் மக்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையிலும், மீண்டும் 2022 ஜனவரி முதல் நாளிலும், நாட்டின் முஸ்லிம் பெண்கள் பலருடைய படங்களை இணையத்திலிருந்து எடுத்து, அவர்களை ‘ஏலம்’ விடுவதாகக் காட்டும் செயலிகளைச் சில இளைஞர்கள் உருவாக்கினார்கள். அவற்றின் பெயர்களை எழுத மனம் வரவில்லை. பத்திரிகையாளர்களும் சமூகப் பணியாளர்களும் அதில் இழிவுபடுத்தப்பட்டார்கள். அவர்கள் ஒதுங்கி அழவில்லை, புகார் கொடுத்தார்கள், டெல்லியிலும் மும்பையிலும் காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது. அப்போது நம்மவர்களில் சிலர் ‘படம் போட்டதால்தானே’ என்று பேசினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) ஏன் மாலையைத் தேடப் போனார்கள் என்று மதீனாவில் கேட்டவர்கள் யார் என்பதை அவர்கள் நினைவுகூரட்டும். அந்நூர் அத்தியாயம் குற்றம் சாட்டியது அவதூறு பேசியவர்களை.

உங்கள் மகளை யாரேனும் படத்தைக் காட்டி மிரட்டினால் அவள் முதலில் அஞ்சுவது அவனை அன்று, உங்களை. வாப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற அச்சத்தில்தான் அவள் அவன் கேட்டதையெல்லாம் கொடுக்கிறாள். ஆகவே இன்றே, எதுவும் நடக்காத நாளிலேயே, பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: எதுவானாலும் என்னிடம் வா, படிப்பை நிறுத்தமாட்டேன். மிரட்டியவனின் செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சாட்சி. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மீண்டும் கேட்பான். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையானால் 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் உள்ளன. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுகள்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மகன்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பரப்புகிறவனும் யாரோ ஒரு தாயின் மகன்தான்.

திருத்தம் எங்கே செய்வது?

தவறான செய்தியை அனுப்பிவிட்டேன், பிறகு பொய் என்று தெரிந்தது, தவ்பா செய்துவிட்டேன், போதுமா என்று அன்பர்கள் கேட்கிறார்கள். சத்தியத்தை மறைத்தோரைப் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 160ஆம் வசனம், அவர்களின் தவ்பாவோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறது. சீர்திருத்திக்கொள்வது ஒன்று, வெளிப்படையாகத் தெளிவுபடுத்துவது மற்றொன்று. எனவே அச்செய்தியை உங்கள் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டால் கடமை தீராது. எந்தக் குழுக்களில் போட்டீர்களோ அதே குழுக்களில், ‘நான் இன்ன நாளில் அனுப்பிய செய்தி பொய், அதை யாரும் அனுப்பவேண்டாம், ஏற்கனவே அனுப்பியவர்கள் இதையும் அனுப்புங்கள்’ என்று எழுத வேண்டும். அது ஒரு தனி மனிதரின் மானத்தைப் பற்றியதாக இருந்தால் அவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருக்கு அச்செய்தி எட்டவே இல்லை, சொன்னால் வேதனை கூடும் என்றிருந்தால் அவருக்காக துஆ செய்து, அவரைக் குறை பேசிய சபையிலேயே அவரது நல்ல குணங்களை எடுத்துச் சொல்லலாம் என்று உலமாக்கள் வழிகாட்டியுள்ளார்கள்.

அவதூறு பரவிய அந்த மாதத்தில் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷாவைப் பற்றி விசாரித்தார்கள். அண்ணலாரின் மனைவியரில் ஆயிஷாவுக்கு நிகராகப் போட்டியிடக்கூடியவர் அவர்தாம். அவருடைய சகோதரி ஹம்னாவே அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருந்தார். ஒரு சொல், ஒரு மௌனம், ஒரு பெருமூச்சு போதும், போட்டியாளர் வீழ்ந்துவிடுவார். அவர்களோ தம் செவியையும் பார்வையையும் காத்துக்கொள்வதாகவும், ஆயிஷாவைப் பற்றித் தமக்கு நன்மையைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றும் பதில் சொன்னார்கள். இறையச்சத்தால் அல்லாஹ் ஸைனபைக் காப்பாற்றினான் என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களே.